ஆறாவது கீற்று

நாற்பது நிமிடம் அசையக் கூடாது. தண்ணீர் அடங்குவதற்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு அது. தொட்டியை நிரப்பிப் பம்பை மெதுவாக ஓடவிட்டால், குமிழிகள் வெளியேறி, நிரப்பும்போது பட்ட அலைக்கழிப்பைத் தண்ணீர் மறந்து, ஒரே சீராக நகரத் தொடங்க அவ்வளவு நேரம் ஆகும். அதுவரை மின்விசிறி கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் இதே தொட்டியில் ஆய்வு செய்த தயாளன் அண்ணன் சொல்லிக்கொடுத்த சட்டம். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட மீறியதில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அம்மா போன் செய்த அன்றுகூட, மணியடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, நேரம் முடிந்த பிறகுதான் வெளியே போய்ப் பேசினேன், அப்படி ஒரு பைத்தியம். வெறும் வாய்வு என்று தெரிந்தபோது கோபம்தான் வந்தது. பத்து இருபதுக்குப் பம்பைப் போட்டேன், சுவர்க் கடிகாரத்தில் இப்போது பத்து இருபத்து நாலு. பதினொரு மணிக்கு இந்தக் கதவைத் திறந்துகொண்டு கனகசபை சார் வருவார், என் ஆய்வு வழிகாட்டி. கூடவே சுலோச்சனா மேடம், கோயம்புத்தூரிலிருந்து என் ஆய்வேட்டைச் சோதிக்க வந்திருப்பவர். மதியம் இரண்டரைக்கு வாய்மொழித் தேர்வு. அதற்கு முன்னால் தொட்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "எல்லாரும் போட்டோவாத்தான் காட்டறாங்க. நான் தண்ணியப் பார்க்கோணுங்க" என்று போனில் சொன்னபோது, பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். அது போன வாரம். போன வாரத்து நான் வேறு ஆள். வைகாசி வெக்கையில் முதுகில் வியர்வை இறங்குகிறது. ஒரு கொசு கணுக்காலில் உட்கார்ந்து சாவகாசமாகக் குடிக்கிறது. குடிக்கட்டும், எனக்குத் தெரிந்து இந்த அறையில் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் நடந்துகொண்டது அது ஒன்றுதான். காலை நகர்த்தாமல் வைத்திருக்கிறேன்.

தண்ணீருக்கு அடியில் ஒரு கண்ணாடிப் பலகை படுத்திருக்கிறது. அதன் மேல் தண்ணீர் ஓடும்போது பலகையை ஒட்டிய தண்ணீர் தயங்கும், மேலே இருப்பது வேகமாகப் போகும். தயங்கும் அந்தப் படலம் ஒரு விரல் கனம்கூட இருக்காது. அதற்குள் நீலச் சாயத்தை விட்டால் நீளநீளமான கீற்றுகளாகப் பிரியும், மெதுவாகப் போகிற ஒரு கீற்று, அதை ஒட்டி வேகமாகப் போகிற ஒரு கீற்று, மறுபடி மெதுவானது, கோடு போட்ட சேலையை விரித்துவிட்ட மாதிரி. கொஞ்ச தூரம் அத்தனையும் நேராகப் போகும். பிறகு ஏதோ ஒன்று லேசாக அசையும். கண் ஏமாற்றுகிறதோ என்று நினைப்போம், அதற்குள் நெளியத் தொடங்கியிருக்கும், நெளிவு பெருத்து, பக்கத்துக் கீற்றையும் இழுத்துக்கொண்டு உடையும், அதற்கப்புறம் வெறும் கலங்கல்தான். விமானத்தின் இறக்கையிலும் கப்பலின் அடிவயிற்றிலும் நடப்பது இதுதான். எது முதலில் நெளியும், ஏன் நெளியும் என்பதுதான் என் ஆறு வருடம். "ஏ செம்பகம், இங்க பைப்புல பத்து நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது. நீ அங்க தொட்டி நிறைய ஓடவிட்டு வேடிக்க பாக்குறதுக்கா சம்பளம் குடுக்காங்க?" என்று அம்மா கோவில்பட்டியிலிருந்து கேட்பாள். செண்பகவல்லி என்று கோயிலில் வைத்துப் பெயரிட்டவளுக்கு அந்தப் பெயர் முழுதாக வாயில் வந்ததில்லை. நான்காயிரம் லிட்டர், அம்மா. வேடிக்கைதான் பார்த்திருக்கிறேன், இப்போதுதான் தெரிகிறது. பொதுவாகக் கீற்றுகள் ஓரிடத்தில் நிற்காது, இன்று இங்கே, நாளை நாலு விரல் தள்ளி. ஆனால் ஒன்று மட்டும் நகராது. முதல் நாள் சுவரிலிருந்து எண்ணியபோது ஆறாவதாக வந்தது, பெயர் நிலைத்துவிட்டது. எப்போதும் அதே இடம், எப்போதும் அதுதான் முதலில் நெளியும். வெளியிலிருந்து யாரும் சீண்டாமலே ஒரு கீற்று தன் இயல்பால் நிலைகுலைய முடியும் என்று அதை வைத்துத்தான் எழுதினேன். இரண்டு கட்டுரை வந்தது. சார் எந்த ஊருக்குப் பேசப் போனாலும் கடைசியாகக் காட்டுகிற படம் ஆறாவது கீற்று. யாரும் சீண்டாமலே. மூன்று நாளைக்கு முன்னால்தான் தெரிந்தது சீண்டிக்கொண்டிருந்தது எது என்று.

மூடியின் ரப்பர் கசிந்தது, அவ்வளவுதான். சார் டெல்லிக்குப் போயிருந்தார். தண்ணீரை வடித்துவிட்டு, ரப்பரை மாற்றுவதற்காகத் தொட்டியின் முன்பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே மூன்று கம்பி வலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, மாவுச் சல்லடையைவிட நுணுக்கமான கண்கள். பம்பிலிருந்து முரட்டுத்தனமாக வருகிற தண்ணீரைச் சாதுவாக்கி அனுப்புவது அவற்றின் வேலை. கைவிளக்கை உள்ளே பிடித்தபோது மூன்றாவது வலையில் ஓரிடம் மட்டும் மினுங்கியது. நூலாம்படை என்று நினைத்து விரலை வைத்தேன். நூலாம்படை இல்லை. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், அதை நைலான் இழையால் தைத்திருந்தது, ஏழு தையல், முனையில் ஒரு முடிச்சு. டேப்பை வைத்து அளந்தேன். அகலமாக இருக்கிற தொட்டிமுகம் பலகைக்கு வரும்போது எவ்வளவு ஒடுங்குகிறது என்பது எனக்கு மனப்பாடம், இருந்தும் தரையில் சாக்பீஸால் இரண்டு தடவை கணக்குப் போட்டேன். முடிச்சுக்கு நேராக ஆறாவது கீற்று. கூடக் குறைய ஒரு மில்லிமீட்டர் இல்லை. ஒரு முடிச்சு தண்ணீரை லேசாகத் தடுக்கிறது, தடுக்கப்பட்ட தண்ணீர் பின்னால் ஒரு சுழிப்பை இழுத்துக்கொண்டு போகிறது, அந்தச் சுழிப்பு பலகையின் மேல் வந்து ஒரு கீற்றாக உட்கார்ந்துகொள்கிறது, மற்றவற்றைவிட வலுவாக, அதனால் மற்றவற்றுக்கு முன்னால் நெளிகிறது. முதலாம் ஆண்டுப் பாடத்தில் இருக்கிறது இது. கீற்று இடம் மாறாவிட்டால் வலையைப் பார் என்று நானே பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். காய்ந்த தொட்டிக்குள் குத்தவைத்து உட்கார்ந்து, அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தாகமாக இருந்தது. வெளியே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

ஏனென்றால் முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. பெஞ்சில் பக்கத்தில் என் சாப்பாட்டுப் பை இருக்கிறது, அதன் பிடி அறுந்தபோது அண்ணன்தான் தைத்துத் தந்தார், நான்கு வருடமாக அப்படியே இருக்கிறது. தரங்கம்பாடிப் பக்கம், அவர் அப்பா கடலுக்குப் போகிறவர், அவருக்குப் பத்து வயதிலேயே வலை முடியத் தெரியும். இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு, பல்லால் இழுப்பார். "இது அவுறாது புள்ள. சுறா இழுத்தாலும் அவுறாது" என்பார். ஆமாம் அண்ணே, அவிழவில்லை. கம்பி வலையை மீன்வலை மாதிரி தைக்க இந்த நாட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தோன்றும். கழுவும்போது கிழிந்திருக்கும், புது வலைக்கு எழுதிப் போட்டால் எட்டு மாதம், அவருக்கோ வேலை காத்துக்கொண்டிருந்தது, தைத்துவிட்டார். தைத்ததில் தப்பில்லை. நான்கூடத் தைத்திருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டாம் வருடம் கேட்டேன் அவரிடம், இதே பெஞ்சில், "அண்ணே, இது மட்டும் ஏன் இடமே மாற மாட்டேங்குது?" என்று. சாயப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே, "அதான் உன் தீசிஸ்" என்றார். சிரித்தோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்த்தார். அது இப்போது ஞாபகம் வருகிறது. மூடி ஏற்கெனவே இறுகியிருந்தது, ஆனாலும் திருகிக்கொண்டிருந்தார். வலையை மட்டும் தொட்டுராத, கழட்டினா மறுபடி இழுத்துக் கட்ட மூணு நாள் ஆகும் என்று எத்தனை தடவை சொன்னார். தொடவில்லை. சொன்ன சொல்லைத் தட்டாத தங்கச்சி. நான்கு வருடத்துக்கு முன்னால் நார்வேக்குக் கிளம்பியபோது வழியனுப்பப் போனேன், கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, "சார்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உனக்கு ஒரு சிக்கலும் வராது" என்றார். கண் கலங்கியிருந்தது. நானும் அழுதேன், கடன்காரி மாதிரி நன்றியோடு. அவன், அவர், எதுவோ ஒன்று, அங்கே நல்ல சம்பளத்தில் கடலில் காற்றாலை நட்டுக்கொண்டிருக்கிறார். முடிச்சைப் படமெடுத்து அனுப்பினேன், ஒரு எழுத்துக்கூட எழுதாமல். பார்த்துவிட்டார், இரண்டு நீலக் குறி விழுந்தது. மூன்று நாளாகப் பதில் இல்லை.

பத்து முப்பத்தெட்டு. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினேன் என்று யாரிடமாவது போய்ச் சொல்லலாம்தான். ஆனால் என் வாயை அடைக்க ஒரு வாக்கியம் இருக்கிறது, என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், நாற்பத்தோராம் பக்கத்தில். மூன்று வலைகளும் உருப்பெருக்கியின் கீழ்ப் பரிசோதிக்கப்பட்டன, குறை எதுவும் காணப்படவில்லை. நான் பரிசோதிக்கவில்லை. அண்ணனின் ஆய்வேட்டிலிருந்து எடுத்தது. கருவியைப் பற்றிய அத்தியாயத்தை முன்னால் போனவரிடமிருந்து எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம், ஒரே தொட்டி, ஒரே பம்பு, புதிதாக என்ன எழுதுவது. அவர் அவருக்கு முந்தியவரிடமிருந்து எடுத்திருப்பார். அந்த முதல் ஆள் மட்டும் உண்மையிலேயே பார்த்திருப்பார், பாவம். மற்றவர்கள் எல்லாரும் ஒரு கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்காமலே குறை காணவில்லை என்று கையெழுத்துப் போட்டோம். அப்படியானால் என் கழுத்தை அறுத்த கத்தியில் என் கைரேகையும் இருக்கிறது. அவர் மேல் முழுசாகக் கோபப்படக்கூட விடாமல் செய்துவிட்டாரே என்று, அதற்கும் சேர்த்துக் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொசு போய்விட்டது, அந்த இடம் அரிக்கிறது, சொறியக் கூடாது.

நேற்று மாலை வலையை மாற்றினேன். சார் நேற்று ராத்திரிதான் ஊர் திரும்பினார், அவரிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மாற்று வலை ஒன்று இரண்டு வருடமாகச் சாமான் அறையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அது வந்த புதிதில் மாட்டிவிடலாமா சார் என்று கேட்டேன், "வேலை செய்யறதை எதுக்கும்மா தொடணும், இருக்கட்டும்" என்றார். பழையதைப் போலவே சட்டத்தில் இழுத்துக் கட்டியே வந்திருந்தது. பழையதை உருவி, புதியதைச் சொருகி, மூடியைப் பூட்ட ஒன்றரை மணி நேரம். மூன்று நாள் வேலை என்று சொன்னது ஒன்றரை மணி நேரம், நான் ஒரே ஆள். அந்தப் பொய்தான் தையலைவிட அதிகமாக வலித்தது. பழைய வலையிலிருந்து தைத்த இடத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்து என் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறேன். ஏன் மாற்றினேன் என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேசாமல் இருந்திருந்தால் இன்று பதினொரு மணிக்கு ஆறாவது கீற்று அழகாக வந்து, அழகாக நெளிந்து, மேடம் அடடா என்று சொல்லி, இரண்டரைக்கு எல்லாரும் கைதட்டி, மாலையில் லட்டு கொடுத்திருப்பார்கள். அம்மா ஊர் முழுக்க டாக்டர் டாக்டர் என்று சொல்லியிருப்பாள், காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு நாலு பேர் வந்திருப்பார்கள். நல்லவள் என்று காட்ட மாற்றவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான். பார்க்க வேண்டும் என்று இருந்தது. முடிச்சு இல்லாமலும் அது வந்துவிட்டால்? வந்துவிட்டால் ஆறு வருடமும் பொய்யில்லை, அண்ணனும் பாதித் துரோகிதான், தையல் தற்செயலாக அங்கே அமைந்தது என்று ஆகிவிடும். அறிவுக்குத் தெரியும் வராது என்று. ஆசை கேட்கிறதா. பரீட்சை பேப்பரைக் கொடுத்துவிட்ட பிறகு சாமி கும்பிடுகிற ஜாதி நாம்.

பத்து ஐம்பத்து மூன்று. வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் வரிசையாகப் பார்த்துவிட வேண்டும், பயத்தை முழுசாகப் பார்த்துவிட்டால் குறையும் என்பார்கள், பொய், குறைவதில்லை. மேடம் பட்டத்தை நிறுத்துவார். கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும், அதில் அண்ணனின் பெயர் இருக்கிறது, சாரின் பெயர் இருக்கிறது. சாரின் முகத்தில் எப்படி விழிப்பேன். அவர் என்ன பாவம் செய்தார். நம்பி இரண்டு பேரிடம் தொட்டியை ஒப்படைத்தவர், ஒருவன் தைத்து மறைத்தான், ஒருத்தி பார்க்காமல் எழுதினாள். காலையில்கூடப் போன் செய்து, "சாப்பிட்டியாம்மா, படபடப்பா இருக்காதே, ஆறாவது பார்த்துக்கும்" என்றார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சார், நான் வலையை மாற்றிவிட்டேன் என்று. சரி சார் என்று மட்டும் சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மூன்று நாளாக ஒரு ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கே அந்த ஒரு வார்த்தை வரவில்லை. தண்ணீரைப் பார்க்கிறேன். அடங்கிவிட்டது, நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத அளவுக்கு. இதைப் பற்றி மட்டும் எனக்குக் குறையில்லை. முடிச்சு இருந்தபோது முடிச்சு இருக்கிறது என்றுதான் ஆறு வருடமும் சொல்லியது, ஒரே இடத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

சார் கதவைப் பூனை மாதிரித் திறக்கிறார், பழக்கம். பின்னால் மேடம், நரைத்த தலை, கையில் என் ஆய்வேடு, நடுநடுவே மஞ்சள் காகிதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வணக்கம் சொன்னேனா என்று தெரியவில்லை, சாய வால்வைத் திறக்கிறேன். நீலம் பலகையின் மேல் இறங்குகிறது. பரவுகிறது, பிரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. மேடம் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்க்கிறார். நான்காவது கொஞ்சம் கொழுத்து வருகிறது, எட்டாவதும். ஆறாவது கீற்று இருக்க வேண்டிய இடத்தில் வெளுப்பாக வெறும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை. தூரத்தில் எட்டாவது மெல்ல அசைகிறது, பிறகு அதுவும் நேராகிவிடுகிறது. மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் எட்டிப் பார்த்தது. சாரைப் பார்த்தேன். பம்பின் வேகத்தைப் பார்ப்பார், சாயத்தைக் குறை என்பார், வெப்பம் எவ்வளவு என்று கேட்பார், ஆறு வருடமாக எது கோளாறானாலும் அந்த வரிசையில்தான் கேட்பார். அவர் எதையும் பார்க்கவில்லை. வெறுமையாக இருந்த அந்த இடத்தை ஒரு தடவை பார்த்தார், என் பக்கம் சாய்ந்தார், மேடத்துக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"மூணாவது வலையத் தொட்டியாம்மா?"

வலைகள் மூன்று இருக்கின்றன. நான் மாற்றியது யாருக்கும் தெரியாது. சார்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சாவிக்கொத்து, கலங்கிய கண், உறை பிரிக்காத வலை, வேலை செய்யறதை எதுக்கும்மா தொடணும். ஆறாவது பார்த்துக்கும். நான்கு வருடமாக இந்த மனிதர் அந்தப் படத்தைக் கடைசியில் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறார், என் பெயரைச் சொல்லி, என் மாணவி என்று பெருமையாகச் சொல்லி, நாற்பத்தோராம் பக்கத்தையும் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். சற்று முன்பு அவருக்காகத்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் மேலிருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நடுவழியில் நின்றது. அதன் இடத்தில் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு அருவருப்பு, அந்த "அம்மா" என்கிற சொல்லின் மேல்.

"எந்த வலைங்க?" என்றார் மேடம், குனிந்தபடியே.

"ஒண்ணுமில்ல மேடம், சின்னப் பராமரிப்பு. இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்" என்றார் சார். என் தோளில் கை வைத்தார்.

எழுந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நேராக நடந்துபோய் மின்விசிறியைப் போட்டேன். தொட்டியின் மேல்பரப்பு சிலிர்த்தது, மேடம் நிமிர்ந்து பார்த்தார், சாரின் கை இன்னும் அந்தரத்தில் இருந்தது. முதுகில் காற்றுப் பட்டது நன்றாக இருந்தது. பென்சில் டப்பாவைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து மேடத்தின் உள்ளங்கையில் வைத்தேன்.

"மூணாவது வலையில இருந்து வெட்டினது மேடம்" என்றேன். "குறை காணலைன்னு நாற்பத்தோராம் பக்கத்துல நான் எழுதியிருக்கேன், பார்க்காம எழுதினது. சாருக்குத் தெரியும்."